அறுவை சிகிச்சைக்குப் பிறகும் எடை கூடுவது ஏன்?

இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஒரே ஆண்டில் 30 கிலோ குறைந்தவரை ஊரே வியந்து பார்க்கிறது. சில ஆண்டுகளில் எடை திரும்பத் தொடங்கினால் அதே ஊர், "லட்சக்கணக்கில் கொட்டியும் வாயைக் கட்டத் தெரியவில்லை" என்கிறது. வயிற்றை மூன்றாகப் பிரிக்கச் சொன்ன நபிமொழியைக்கூட விருந்தில் அவரைக் குத்திக்காட்டவே எடுக்கிறோம். இந்தப் பேச்சு மருத்துவ ரீதியாகவே தவறு.

சுவீடனில் 1987-ல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்தார்கள். 10 ஆண்டுகளுக்குப் பின் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. ஓரளவு எடை திரும்புவது சகஜம் என்பதே இதன் பொருள். அப்படியிருந்தும், அந்த ஆய்வில் அறுவை சிகிச்சை பெற்றவர்களிடையே மரணங்கள் குறைவாகவே இருந்தன.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் பெரும்பகுதி அகற்றப்படுவதால், பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் குறைகிறது. ஆனால் எஞ்சிய பை நாளடைவில் விரியலாம். எடை குறைந்த உடல் செலவிடும் சக்தியும் குறைந்துவிடுகிறது. நாலு கவளம் சோறு இறங்காதவருக்கும் சர்பத்தும் குளிர்பானமும் தடையின்றி இறங்கும். இன்சுலின், சில மனநல மருந்துகள்கூட எடையைக் கூட்டும்.

எடை கூடியதும் பலர் வெட்கப்பட்டு மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிடுவதுதான் நமக்குப் பெரிய கவலை. இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி குறைபாடுகளைக் கண்டறிய இவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ரத்தப் பரிசோதனை தேவை. மகளின் நிக்காஹ்வுக்கு முன் இந்தச் சிகிச்சையை யோசிக்கும் பெற்றோர் (மாப்பிள்ளை வீட்டார் பேச்சுக்குப் பயந்து என்றால் இன்னும் நன்றாக யோசிக்கட்டும்!) ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: அதன்பின் 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்தைத் தள்ளிப்போடும்படி மருத்துவர்கள் சொல்வார்கள்.

இப்போது ஊசிகளின் காலம். 2025-ல் மவுஞ்சாரோவும் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அறுவைக்குப் பின் எடை கூடியவர்களுக்கும் மருத்துவர்கள் இவற்றைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் வெகோவியிலுள்ள செமாக்ளூடைடை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டிலேயே திரும்பப் பெற்றதாக ஓர் ஆய்வு காட்டியது. எத்தனை ஆண்டுகள் போட வேண்டும், மாதச் செலவைக் குடும்பம் தாங்குமா என்று முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ரமலானில் நோன்பு வைக்கலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள். இரைப்பை சிறுத்தவரால் இஃப்தாரில் ஒரே மூச்சில் தண்ணீர் குடித்து ஈடுகட்ட முடியாது. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை அவர் பயன்படுத்தினால், வீட்டார் முகம் சுளிக்க வேண்டாம்.