மிஃபா ஏற்றிவிட்ட அணி: சூப்பர் லீக்கில் நான்கு பருவம், அதன் பிறகு?

கேரி தீவு – மாலை ஐந்து மணிக்கு மேல் செம்பனைத் தோட்டத்துத் திடலில் இன்றும் பந்து உருளத்தான் செய்கிறது. பையன்கள் போட்டிருக்கும் ஜெர்சிகளில் ஜொகூர் இருக்கும், சிலாங்கூர் இருக்கும், மென்செஸ்டர் யுனைடெட் இருக்கும். பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. நாட்டின் இந்தியர் காற்பந்துச் சங்கம் பெற்றெடுத்த அணி, நாட்டின் உச்ச லீக்கில் நான்கு பருவம் ஆடிய அணி, அது ஒன்றுதான்.

2025/26 சூப்பர் லீக்கில் 13 அணிகள் ஆடுகின்றன. போலீஸ் படைக்கு ஓர் அணி இருக்கிறது. குடிநுழைவுத் துறைக்கு ஓர் அணி இருக்கிறது. புருணையிலிருந்து டிபிஎம்எம் வந்து ஆடுகிறது. கெடா, பேரா, ஸ்ரீ பகாங் ஆகிய பெரிய பெயர்கள் காணாமல் போய்விட்டன. அதைப் பற்றி எல்லா ஊடகங்களும் எழுதிவிட்டன. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே காணாமல் போன பிஜே சிட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நம் சமூகத்திலும்கூட.

டத்தோ டி.மோகன் தலைமையில் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபா, எம்ஐஎஸ்சி-மிஃபா என்ற பெயரில் அணியை லீக்கில் இறக்கியது. 2017இல் அந்த அணி பிரிமியர் லீக்கில், அதாவது இரண்டாம் நிலையில், ஆடியது. 2018 பருவம் முடிந்ததும் சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. மாநில அரசோ அரசாங்கத் துறையோ பின்னால் இல்லாத ஓர் அணிக்கு இது சின்ன விஷயமல்ல. பயிற்றுநர் கே.தேவன், பிறகு பி.மணியம் என இந்தியப் பயிற்றுநர்களே பொறுப்பில் இருந்தார்கள். தோட்டத்துப் பையன் ஒருவன் "நானும் அங்கே போகலாம்" என்று நினைக்க ஒரு முகவரி கிடைத்தது.

உச்ச லீக்கில் காலெடுத்து வைத்த அதே நேரத்தில்தான் பெயரும் மாறியது. எம்ஐஎஸ்சி-மிஃபா, பெட்டாலிங் ஜெயா சிட்டி எஃப்சி ஆனது. வணிகக் கண்ணோடு பார்த்தால் அந்த முடிவில் நியாயம் உண்டு. ஒரு நகரத்தின் பெயர் இருந்தால் விளம்பரதாரர் வருவார், எல்லா இனத்து ரசிகர்களும் வருவார்கள் என்ற கணக்கு. ஆனால் பெட்டாலிங் ஜெயா மக்கள் ஏற்கெனவே சிலாங்கூர் ரசிகர்கள். 33 முறை மலேசியக் கிண்ணத்தை வென்ற அணியை விட்டுவிட்டு நேற்று வந்த அணிக்கு அவர்கள் ஏன் கைதட்ட வேண்டும்? இந்தப் பக்கம், தோட்டத்து மக்களுக்கோ அது தங்கள் அணி என்ற எண்ணம் பெயரோடு சேர்ந்து மங்கியது. புதிய ரசிகர்கள் சேரவில்லை, பழையவர்கள் நெருங்கவில்லை.

தூரமும் ஒரு காரணம். கேரி தீவிலிருந்து கிளானா ஜெயாவில் இருக்கும் பெட்டாலிங் ஜெயா அரங்கத்துக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஆட்டம் இரவில். முடிந்து வெளியே வந்தால் தீவுக்குத் திரும்பப் பஸ் கிடையாது. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் தகப்பன் எத்தனை முறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்?

முதல் பருவமான 2019இல் அணி கீழிறங்காமல் தப்பியது. 2020இல் கோவிட் காரணமாக லீக் ஒரே சுற்றாக, 11 ஆட்டங்களாகச் சுருங்கியது, அதிலும் தாக்குப்பிடித்தது. 2021உம் கடந்தது. பிரச்சினை 2022இல் வெளிப்பட்டது. அந்தப் பருவத்தில் பிஜே சிட்டி வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், முழுக்க உள்ளூர் ஆட்டக்காரர்களோடு களமிறங்கியது. எதிரணிகளில் கோல் அடிக்கப் பிரேசில்காரர், தடுப்பில் ஆப்பிரிக்கர் என்று நிற்கும்போது, இங்கே இளம் பையன்கள். முடிவு எல்லாரும் எதிர்பார்த்ததுதான். பட்டியலின் கீழ்ப்பாதியில் பருவம் முடிந்தது. ஜொகூர் டாருல் தாக்ஸிம் தொடர்ந்து ஒன்பதாவது முறையாகப் பட்டத்தை வென்ற ஆண்டு அது.

அந்த ஏமாற்றத்தைப் பையன்கள் தலையில் கட்டுவது சரியல்ல. உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு முழு வாய்ப்பு கொடுத்தது, நம் லீக்கில் துணிச்சலான காரியம். உள்ளூர் திறமை வளரவில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் புலம்புகிறவர்கள் அப்போது அந்த அணியைப் பாராட்டியிருக்க வேண்டும். தவறு கொள்கையில் இல்லை, அதைத் தாங்கிப் பிடிக்க அடித்தளம் இல்லாததில்தான். உள்ளூர் பையன்களை மட்டும் நம்பும் அணிக்கு 15 வயதிலிருந்தே ஆள் வரும் பாதை வேண்டும். தோட்டங்களில் அந்தப் பாதை எப்போதோ அறுந்துவிட்டது.

கேரி தீவையே எடுத்துக்கொள்ளலாம். வாலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரர் இங்கே ரப்பர் நட்ட காலத்திலிருந்து தமிழர்கள் இருக்கிறார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சைம் டார்பி வந்தது, 2024இல் அதன் பெயர் எஸ்டி கத்ரி என்றும் மாறிவிட்டது. குடும்பங்கள் பந்திங்குக்கும் தெலுக் பங்லிமா காராங்குக்கும் கிள்ளானுக்கும் நகர்ந்தன. வெட்டு வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் அணி இருந்தது, கிண்ணப் போட்டி என்றால் திருவிழா மாதிரி. இன்று தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகள். ஒரே வயதில் பதினொரு பையன்களைச் சேர்ப்பதே ஆசிரியருக்குப் போராட்டம்.

திறமை இல்லாத சமூகம் என்று யாரும் சொல்ல முடியாது. "ஸ்பைடர்மேன்" என்று நாடே அழைத்த கோல்காவலர் ஆர்.ஆறுமுகம் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர். 2010இல் மலேசியா முதன்முறையாக ஆசியான் கிண்ணத்தை, அன்றைய சுசுகி கிண்ணத்தை, வென்றபோது பயிற்றுநர் கே.ராஜகோபால். அந்த அணியில் குணாளன் இருந்தார். இந்தப் பெயர்களை மேடைகளில் சொல்லி ஓய்ந்துவிட்டோம். அடுத்த பெயர் எங்கிருந்து வரும் என்பதற்குத்தான் பதில் இல்லை.

2022 பருவத்துக்குப் பிறகு பிஜே சிட்டி லீக்கிலிருந்து விலகியது. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய அணிகளுக்கு உரிமம் கிடைக்கவில்லை. 18 அணிகளோடு விரிவடையும் என்று சொல்லப்பட்ட 2023 சூப்பர் லீக் 14 அணிகளோடு தொடங்கியது. அதே நேரத்தில் பிரிமியர் லீக்கும் மூடப்பட்டது. இதுதான் பலர் கவனிக்காத விஷயம். முன்பெல்லாம் பணம் குறைந்த அணி ஒரு படி கீழே இறங்கி, செலவைச் சுருக்கி, இரண்டு ஆண்டு கழித்து மறுபடி ஏறலாம். 2023இல் அந்தப் படியே இல்லை. சூப்பர் லீக்கில் கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் அமெச்சூர் நிலையில் இருக்கும் எம்3 லீக். மாநில ஆதரவு இல்லாத அணிக்கு நடுவில் நிற்க இடம் ஏது?

இன்றைய நிலை இன்னும் கடினம். இந்தப் பருவத்தில் ஓர் அணி 15 வெளிநாட்டு ஆட்டக்காரர்கள்வரை பதிவு செய்யலாம். தேசிய அணியோ வெளிநாட்டில் பிறந்தவர்களைத் தேடிப் போனது. 2025 செப்டம்பரில், ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலியானவை என்று கூறி, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கும் அவர்களுக்கும் ஃபிஃபா தண்டனை விதித்தது. பாட்டன் பாட்டி பிறந்த இடத்தை அர்ஜெண்டினாவிலும் ஸ்பெயினிலும் தேடியவர்கள், பாட்டன் பாட்டி இங்கேயே பால் மரம் வெட்டிய பையன்களை எத்தனை தோட்டங்களுக்குப் போய்த் தேடினார்கள்?

இன அடிப்படையில் அணி எதற்கு என்று நம்மவர்களே கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. மிஃபாவின் அணியிலும் பல இனத்தவர் ஆடினார்கள். தேவைப்படுவது இந்தியர்கள் மட்டும் ஆடும் அணி அல்ல. மாநில அணியின் தேர்வாளர் எட்டிப் பார்க்காத இடங்களுக்குப் போய் ஆள் பார்க்கும் அணி. அந்த வேலையை வேறொருவர் செய்தால், அணிக்கு என்ன பெயர் என்பது பெரிய விஷயமில்லை. இதுவரை செய்யவில்லை.

இரண்டாம் நிலையில் ஏ1 செமி-புரோ லீக் 2024இல் வந்திருக்கிறது. காணாமல் போன படி ஓரளவு திரும்பியிருக்கிறது. சூப்பர் லீக்கைவிடச் செலவு குறைவு. சமூக அமைப்பு ஒன்று மீண்டும் அணி தொடங்க நினைத்தால் பார்க்க வேண்டிய இடம் அதுதான். இந்த முறை வயதுவாரி அணிகளிலிருந்து தொடங்கினால், கோல லங்காட், கிள்ளான், கோல சிலாங்கூர் தோட்டங்களிலிருந்து ஆள் சேரும். பயிற்சி பந்திங்கில் நடந்தாலும், கேரி தீவுப் பையனை வாரத்தில் மூன்று மாலை கூட்டிப்போய் இரவில் வீட்டில் விட ஒரு வேன் வேண்டும். அந்த வேனுக்கு யார் பணம் கட்டுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.