டிரைவர் இருக்கிறதா, முதலில் பாருங்கள்



லினக்ஸில் கைதேர்ந்த நம் வாசகர்கள் சிலர், அடுத்து ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி ஆகிய இயங்குதளங்களை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல ஆசை. ‘போட்டுப் பார்க்கலாமா?’ என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் லேப்டாப்பில் உள்ள வைஃபை சிப் எது?

1993-இல் முதல் பதிப்பு கண்ட ஃப்ரீபிஎஸ்டி எதிலும் சளைத்ததல்ல. நெட்ஃபிளிக்ஸ் படங்களை நம் வீடுவரை அனுப்பும் சர்வர்கள் அதில்தான் ஓடுகின்றன. சர்வர்களில் போடும் நெட்வொர்க் கார்டுகளுக்கு இன்டெல் போன்ற நிறுவனங்களே டிரைவர் எழுதித் தருகின்றன. லேப்டாப் வைஃபைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிப்பின் தொழில்நுட்ப விவரங்களைப் பல நிறுவனங்கள் வெளியே விடுவதில்லை. அதனால் லினக்ஸ் டிரைவர்களையே ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள்; இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கும் இதே வழிதான். சந்தைக்குப் புதிதாக வந்த சிப் என்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

என்விடியா கார்டுக்கு ஃப்ரீபிஎஸ்டியில் அந்த நிறுவனத்தின் டிரைவரே உண்டு. மூலநிரல் தராத டிரைவரைச் சேர்ப்பதில்லை என்பது ஓபன்பிஎஸ்டியின் கொள்கை. அதனால் அங்கே என்விடியா டிரைவர் கிடையாது. புளூடூத் ஆதரவையும் 2014-இல் எடுத்துவிட்டார்கள். புளூடூத் ஹெட்ஃபோன் இல்லாமல் முடியாது என்பவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே சோதிக்க வழி இருக்கிறது. ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்டு, பென் டிரைவிலிருந்தே ஓடும் நோமேட்பிஎஸ்டியில் கணினியைத் தொடங்கி, டெர்மினலில் ‘பிசிஐகான்ஃப் -எல்வி’ கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு சாதனத்தின் விவரமும் அதன் டிரைவர் பெயரோடு தொடங்கும். ‘இஎம்0’ என்றால் இன்டெல் ஈதர்நெட், ‘ஆர்இ0’ என்றால் ரியல்டெக். ‘நன்’ என்று தொடங்கினால் அந்தச் சாதனத்துக்கு டிரைவர் அமையவில்லை என்று பொருள். உடனே பதற வேண்டாம். எஸ்எம்பஸ் போன்றவை அப்படி இருந்தாலும் அன்றாட வேலை கெடாது. அதற்குக் கீழே ‘கிளாஸ்’ என்ற இடத்தில் ‘நெட்வொர்க்’ என்று இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால், பெரும்பாலும் ‘யுஇ0’ என்று புது இணைப்பு வந்து நிற்கும். தற்காலிகமாகச் சமாளிக்க அது போதும்.

குறைகள் தீருவதில் நமக்கும் பங்கு உண்டு. ஓபன்பிஎஸ்டியை நிறுவி முதல்முறை ரூட்டாக நுழைபவருக்கு, அதைத் தொடங்கிய தியோ டி ராட்டின் பெயரில் ஒரு வரவேற்பு மடல் காத்திருக்கும். உங்கள் கணினியில் உள்ள சாதனங்களைக் காட்டும் ‘டிமெசேஜ்’ பதிவை எங்களுக்கு அனுப்புங்கள் என்று அதில் கேட்டிருப்பார்கள். யார் கையில் என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்று டிரைவர் எழுதுபவர்களுக்குத் தெரிவது இப்படித்தான்.

எனவே, ஓபன்பிஎஸ்டியை நிறுவும் வாசகர்கள் அந்தப் பதிவைத் தவறாமல் அனுப்புங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடினாலும் அனுப்புங்கள். புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள், கடையில் ரேமின் அளவைக் கேட்கும்போதே வைஃபை சிப்பின் பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்