சினை நண்டும் சூடேறும் கடலும்

வடகடல் சூடேறி வருகின்றது. 2016ஆம் ஆண்டிலே மன்னார் வளைகுடாவிலும் பாக்கு விரிகுடாவிலும் பவளப்பாறைகள் வெளிறிப்போனமை அதற்குச் சான்று. அவ்வெப்பத்தை யாழ்ப்பாணத்திலிருந்துகொண்டு நாம் தணித்தல் இயலாது. அதனைச் சாட்டாகக் கொண்டு நம் கையிலுள்ளதையும் செய்யாதிருத்தல் தகுமா?

வட அமெரிக்காவின் மெயின் வளைகுடா, உலகிலேயே மிக விரைவாகச் சூடேறும் கடல்களுள் ஒன்று. அங்குள்ள தொழிலாளர், சினையுற்ற சிங்க இறால் அகப்பட்டால் அதன் வால் மடலில் ஓர் அடையாள வெட்டிட்டுக் கடலிலேயே விட்டுவிடுவர். பின்னொரு நாள் அது சினையின்றி அகப்பட்டாலும் விற்றலாகாது. அளவு மீறிப் பெருத்தவற்றையும் கொள்ளலாகாது. தெற்கே, இத்தகைய காப்புக் குன்றியிருந்த கடலில் அவ்வினம் வீழ்ச்சியுற்றது. தெற்கில் வெப்பம் மிகுதி என்பது மெய்யே. ஆயினும் வடக்கே இனம் பெருகியதில் இக்காப்பு முறைக்குப் பெரும் பங்குண்டென 2018இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று.

வெளிநாட்டுச் சந்தைவரை செல்லும் நமது நீல நண்டுக்கு இப்பாடம் பொருந்தாதா? பெண் நண்டு இலட்சக்கணக்கான முட்டைகளை வயிற்று மடலின் கீழே சுமக்கின்றது. மஞ்சளாயிருந்த சினை கருமையுற்றால் பொரிக்கும் வேளை நெருங்கிவிட்டதென்பதை நம் கடற்றொழிலாளர் நன்கறிவர். அறிந்தும் விடுகிறார்களில்லையே எனக் கரையிலிருந்து குறைகூறல் எளிது. கடன்பட்டு எண்ணெய் வாங்கித் தொழிலுக்குப் போனவன், வலையிற் சிக்கிய நண்டைக் கால் முறியாமற் பிரித்தெடுத்துக் கடலில் விட்டால் அவ்விழப்பைத் தாங்குபவர் யார்? இன்று அவன் விட்டதை நாளை இரவு இழுவை மடி அடித்தரையோடு வாரிச் செல்லுமாயின், அவன் ஏன் விடவேண்டும்?

இழுவை மடித் தொழிலை 2017ஆம் ஆண்டிலேயே இந்நாட்டுப் பாராளுமன்றம் தடைசெய்தது. சட்டம் ஏட்டில் இருக்கின்றது; மடியோ கடலில் இருக்கின்றது. அக்கரையினர் நம் இனத்தவர் என்பதனால் அவர்தம் இழுவை மடி நம் கடலடிக்கு இதமாகிவிடாது. இக்கரையில் அதே தொழில் செய்வோருக்கும் நாம் பரிந்து பேசப்போவதில்லை.

முதலில் அச்சட்டம் பாரபட்சமின்றிக் கடலிலே நடைமுறைக்கு வரட்டும். சினை நண்டை வாங்குவதில்லையென ஏற்றுமதிக் கம்பனிகள் யாவும் உறுதி கூறி, அதனை விட்டுவரும் தொழிலாளிக்கு ஏனைய நண்டின் விலையிலே ஈடுசெய்யட்டும். எக்காலத்தில், எவ்விடத்தில் வலை போடுதலாகாது என்பதைக் கொழும்பு மேசைகளன்றி, மன்னார் முதல் பருத்தித்துறை வரையுள்ள கடற்றொழிலாளர் சங்கங்களே கூடித் தீர்மானிக்கட்டும். அத்தீர்மானத்துக்குச் சட்டவலுவளிப்பதே கடற்றொழில் அமைச்சின் வேலை.