சுழியோடி என்றால் சாவுச் செய்தி மட்டும்தானா?

எங்க ஊர்ப் பக்கம் 'சுழியோடி' என்ற சொல் எப்போ காதில் விழும்? யாராவது தண்ணீரோட போனால்தான். நீர்வீழ்ச்சிக்குக் குளிக்கப் போன பொடியன் மேலே வரவில்லை, கடற்படைச் சுழியோடிகள் தேடுகிறார்கள் என்று இரவுச் செய்தியில் சொல்வார்கள். அடுத்த நாள் லயத்துக்கு முன்னால் வெள்ளைக்கொடி கட்டியிருக்கும். அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தமும் இருக்கு, அது ஒரு படிப்பு, ஒரு தொழில், ஒரு சந்தோஷம் என்பது எங்களில் பலருக்கு இருபது வயசு தாண்டித்தான் தெரிய வந்தது.

ஊவா மாகாணத்துக்குக் கடல் கிடையாது. பதுளை, மொனராகலை என்ற இரண்டு மாவட்டத்துக்கும் நாலு பக்கமும் நிலம்தான். ஆனா தண்ணீருக்குப் பஞ்சமில்லை. துன்ஹிந்த, தியலும, இராவணா எல்ல, பம்பரகந்த என்று நீர்வீழ்ச்சிகள். மகியங்கனையில் சொரபொர வாவி. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு ஆறு. இவ்வளவு இருந்தும் நாங்கள் வளர்ந்தது பீலியில் குளித்துத்தான். பீலித் தண்ணீர் தலையில் விழும். அதில் யாரும் மூழ்கவும் மாட்டார்கள், மிதக்கவும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் படித்த தோட்டப் பாடசாலைகள் ஒன்றிலும் நீச்சல் தடாகம் இருக்கவில்லை. தண்ணீரைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த ஒரே பாடம்: "அந்தப் பக்கம் போகாத."

இந்த நிலைமையில்தான் எங்க கூட்டத்தில் ஒருத்தன் இணையத்தில் ஒரு மாஸ்க் வாங்கினான். முகம் முழுக்க மூடும், உச்சியில் குழாய் நீட்டியிருக்கும் முழுமுக மாஸ்க். விளம்பரத்தில் ஒரு பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு சிரிச்சபடி மீன் பார்க்குது. 'மூக்காலேயே மூச்சு விடலாம், பயமே வேண்டாம்' என்பது மாதிரி விற்பனைப் பேச்சு. நீந்தத் தெரியாத எங்களுக்கு அது வரம் மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஐந்து பேர் பஸ் ஏறினோம். பதுளையில் இருந்து லுணுகலை, பிபிலை என்று இறங்கிச் செங்கலடியில் முடிகிறது ஏ5 வீதி. அங்கிருந்து வடக்கே போனால் பாசிக்குடா. கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய சித்திரையில் இருந்து புரட்டாசி வரைக்கும். சுழியோடப் பழகுகிறவர்களுக்கு அதுதான் காலம்.

பயிற்சி தருகிற அண்ணன் எங்க மாஸ்க்கைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பிமாரே, இது மேல மிதந்து பார்க்கிற சாமான். இத வெச்சுக் கீழ போகேலாது."

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதே குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கு. முழுமுக மாஸ்க் என்ற பெயரில் இரண்டு வேறு சாமான்கள் இருக்கின்றன. ஒன்று ஸ்நோர்கல் மாஸ்க். தண்ணீரின் மேற்பரப்பில் குப்புற மிதக்கிறவர்களுக்கானது. காற்று மேலே இருக்கும் குழாய் வழியாகத்தான் வரும். கீழே போனால் காற்று இல்லை. மூக்கைப் பிடித்துக் காதின் அழுத்தத்தைச் சரிசெய்யவும் வழியில்லை, அதனால் இரண்டு மீற்றர் போவதற்குள் காது வலிக்கும். மோசமாகச் செய்த மாஸ்க் என்றால் நாம் வெளிவிடும் காற்றே உள்ளே தங்கி, அதையே திரும்ப இழுப்போம். வேகமாக நீந்தி மூச்சு வாங்கும்போது தலை சுற்றும்.

மற்றது உண்மையான ஸ்கூபா முழுமுக மாஸ்க். அதில் ரெகுலேட்டர் மாஸ்க்கோடு சேர்ந்தே இருக்கும். முதுகில் இருக்கும் சிலிண்டரில் இருந்து காற்று வரும். மூக்கைப் பிடிக்கக் கை போகாது என்பதால் உள்ளேயே மூக்கை அடைக்க ஒரு மெத்தை வைத்திருப்பார்கள். வாயில் எதையும் கடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கருவி பொருத்தினால் தண்ணீருக்குள்ளேயே பேசலாம். அழுக்குத் தண்ணீர் முகத்தில் படாது. மயங்கினாலும் வாயில் இருந்து ரெகுலேட்டர் நழுவிவிடாது. அதனால்தான் மீட்புப் பணிக்கும் தண்ணீருக்கு அடியில் வேலை செய்கிறவர்களுக்கும் அது பிடிக்கும்.

அப்போ அதையே எங்களுக்குத் தந்தால் என்ன? எங்க ஆளும் அதைத்தான் கேட்டான். பதில் அன்றைக்கே தடாகத்தில் கிடைத்தது.

இடுப்பளவு தண்ணீர்தான். சாதாரண மாஸ்க், வாயில் ரெகுலேட்டர். முதல் விதி: மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். அது விளங்கியது. அடுத்த பாடம்தான் கஷ்டம். மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, அதன் மேல்விளிம்பை அழுத்திப் பிடித்து, மேலே பார்த்து, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். எங்க தோழி ஒருத்திக்கு மூக்கில் தண்ணீர் பட்டதும் உடம்பெல்லாம் உதறிவிட்டது. வாயில் காற்று வந்துகொண்டேதான் இருக்கு, ஆனா மனசு நம்பவில்லை. துள்ளி எழுந்து நின்றுவிட்டாள். "அந்த முழு மாஸ்க் இருந்தா எனக்கு இந்தப் பயமே வந்திருக்காதே," என்றாள்.

அண்ணன் கோபப்படவில்லை. "வந்திராதுதான் தங்கச்சி. ஆனா பதினைஞ்சு மீற்றர்ல அது கழண்டா?"

அந்தக் கேள்விக்குள்தான் விஷயமே இருக்கு. சாதாரண மாஸ்க் கழன்றாலும் வாயில் காற்று இருக்கும். முழுமுக மாஸ்க் கழன்றால் கண்ணும் போச்சு, காற்றும் போச்சு. உடனே மாற்று ரெகுலேட்டரைத் தேடி வாயில் வைத்து, கூடக் கொண்டுபோன சாதாரண மாஸ்க்கைப் போட்டு, அதில் நிரம்பிய தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். அதாவது எந்தப் பயத்தில் இருந்து தப்பிக்க அந்த மாஸ்க்கைக் கேட்டோமோ, அந்தப் பயத்தைத் தாண்டியவர்களுக்குத்தான் அது பாதுகாப்பு. அதனால்தான் முதல் சான்றிதழ் எடுத்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு தனிப் பயிற்சியாக அதைச் சொல்லித் தருகிறார்கள்.

தாய்லாந்துக் குகையை நினைத்துப் பாருங்க. 2018 ஜூனில் தாம் லுவாங் குகையில் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்றுநரும் மாட்டிக்கொண்டார்கள். ஜூலை 8 முதல் 10 வரை அவர்களை முழுமுக மாஸ்க் போட்டுத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். 'பார், ஒரு மாஸ்க் காப்பாற்றிவிட்டது' என்று சொல்லத் தோன்றும். ஆனா பிள்ளைகள் கழற்றிவிடக் கூடாது என்று மருந்து கொடுத்து மயக்க நிலையில் வைத்திருந்தார்கள். பல வருஷம் குகைகளில் சுழியோடியவர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் கையில் பிடித்து இழுத்து வந்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால், குகைக்குள் சிலிண்டர் கொண்டுபோய் வைத்துத் திரும்பிய சமன் குணன் என்ற முன்னாள் தாய்லாந்துக் கடற்படைச் சுழியோடி உயிரை விட்டிருந்தார். கருவியை நம்பி அங்கே யாரும் இறங்கவில்லை. பழக்கத்தை நம்பித்தான் இறங்கினார்கள்.

மட்டக்களப்புக் கடலிலும் இப்படி ஒரு படிவரிசை இருக்கு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அங்கே 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. உலகத்தின் எங்கெங்கோ இருந்து சுழியோடிகள் அதைப் பார்க்க வருகிறார்கள். முதல் சான்றிதழுக்கு 18 மீற்றர்தான் எல்லை. பொழுதுபோக்காகச் சுழியோடுகிறவர்களுக்கு 40. அந்தச் சான்றிதழுக்கே முதலில் 200 மீற்றர் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிஷம் ஒன்றையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். எங்க ஐந்து பேரில் அதைச் செய்யக்கூடியவர் எத்தனை பேர்? ஒருத்தரும் இல்லை. ஆழமில்லாத இடத்தில் பயிற்றுநரின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கீழே இருந்தோம், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரமும் அற்புதம். ஆனா திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் பேசியது மீன்களைப் பற்றி இல்லை, அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி.

'ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்கே வருஷக்கணக்காக் கத்தின சனத்துக்கு ஸ்கூபா ஒரு கேடா?' என்று கேட்பீர்கள். வீட்டிலும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனா எங்க பிள்ளைகள் ஏற்கெனவே தண்ணீர்க்கரையில்தான் நிற்கிறார்கள். எல்லயில் வழிகாட்டியாக, கரையோர ஹோட்டல்களில் தட்டுக் கழுவுகிறவர்களாக, வெள்ளைக்காரப் பயணியின் பையைத் தூக்குகிறவர்களாக. தண்ணீருக்குள் இறங்குகிற வேலை மட்டும் எங்களுக்கு இல்லை. தலைமன்னாரில் கப்பலால் இறங்கி நடந்தே மலை ஏறிய சனத்தின் பேரப்பிள்ளைகளுக்குக் கடல் ஏன் இன்னும் யாரோ ஒருத்தருடையதாக இருக்கணும்? பொம்பளைப் பிள்ளைகளுக்கு இது இன்னும் தூரம். 'குளிக்கிற உடுப்போட நாலு பேர் முன்னால நிப்பியா?' என்று முதல் கேள்வியே அங்கேதான் முடிகிறது. சுழியோடும்போது போடுவது கழுத்தில் இருந்து கணுக்கால் வரை மூடுகிற உடுப்பு என்று சொல்லித்தான் எங்க தோழி வீட்டில் அனுமதி வாங்கினாள்.

எல்லாரும் கடலுக்குப் போங்க என்று நாங்கள் சொல்லவில்லை. முதலில் மிதக்கக் கற்றுக்கொள்வோம் என்கிறோம். பாடசாலையில் எல்லேயும் கிரிக்கெட்டும் எப்படியோ அப்படி நீச்சலும் ஒரு பாடமாக வரணும். மாகாணத்தில் இருக்கிற தடாகங்கள் வாரத்தில் ஒரு நாளாவது தோட்டப் பிள்ளைகளுக்குத் திறக்கணும். தொழிற்சங்கங்கள் மேதினத்துக்குப் பஸ் பிடிக்கிற மாதிரி இதுக்கும் ஒருநாள் பிடிக்கலாம். அதுவரைக்கும் நீர்வீழ்ச்சி விழுகிற கிடங்கில் யாரும் பழக வேண்டாம். மாஸ்க் இருக்கு என்ற தைரியத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

அந்த மாஸ்க் இப்போ எங்க வாசகசாலை அலுமாரிக்கு மேல இருக்கு. வாங்கினவன் அதை விற்கப் போனான், நாங்கள் விடவில்லை. 200 மீற்றரை முதலில் நீந்தி முடிக்கிறவருக்கு அதைப் பரிசாகக் கொடுப்பதாக முடிவு. மேல மிதந்து மீன் பார்க்க மட்டும்.