ஹைதராபாத் டு திருவண்ணாமலை: ‘ஒன்றேகால் மணி நேர’ கணக்கு எங்கே இடிக்குது?

பௌர்ணமி கிரிவலத்துக்கு ஹைதராபாத்திலிருந்து ஃப்ளைட்ல வர பிளானா? இணையத்தில் தேடினால் ‘திருவண்ணாமலை விமான தூரம், பயண நேரம்’ என்று சில தளங்கள் எண்ணைக் காட்டும். ஆனால் திருவண்ணாமலையில் விமான நிலையமே கிடையாது! வரைபடத்தில் ஒரு நேர்க்கோடு போட்டு, ஏதோ ஒரு வேகத்தால் வகுத்த விடைதான் அது.

நிஜக் கணக்குக்கு வருவோம். ஹைதராபாத் - சென்னை வான்வழி தூரம் சுமார் 520 கி.மீ. டிக்கெட்டில் இருக்கும் ஒன்றேகால் மணி நேரம் முழுக்கப் பறக்கும் நேரம் இல்லை. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கி, சென்னையில் இறங்கி, ஓரமாய் வந்து நிற்கும் வரை எல்லாம் அதில் அடக்கம். அதன்பிறகு திண்டிவனம், செஞ்சி வழியாக சாலையில் சுமார் 180 கி.மீ. கிட்டத்தட்ட 4 மணி நேரம். பறந்ததைவிட உருண்டதுதான் அதிகம்!

புதுச்சேரியில் இறங்கினால் சாலை தூரம் 100 கி.மீ. சொச்சம்தான். ஓடுபாதை சிறியது என்பதால் பெரிய ஜெட் இறங்காது, ஏ.டி.ஆர். விமானம்தான். வேகம் கம்மி, ஆனாலும் மொத்தத்தில் லாபம். இண்டிகோ 2024 டிசம்பரில் அங்கிருந்து ஹைதராபாத், பெங்களூருக்கு சேவை தொடங்கியது. சேவைகள் குறைவு, நிறுத்தப்பட்ட வரலாறும் உண்டு. தேதியைப் பார்த்துவிட்டு பிளான் போடுங்க.

பௌர்ணமியன்று பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடும். அப்புறம் 14 கி.மீ. கிரிவலம் வேற. மறுநாள் அதிகாலை ரிட்டர்ன் டிக்கெட் மட்டும் போட்டுடாதீங்க.