வானில் தவறிப்போகும் சுப்ஹு

உம்ராவை முடித்து ஊர் திரும்பும் நம்மவர்களுக்கு ஜித்தாவிலிருந்து சென்னை ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். நேரடி விமானமெனில் ஐந்தரை மணி நேரமளவில் வந்துவிடலாம். பயணச்சீட்டு வாங்கும்போது கட்டணம் பார்க்கிறோம். பெட்டியின் எடை பார்க்கிறோம். ஸம்ஸம் தண்ணீரைப் பற்றியும் மறவாமல் விசாரிக்கிறோம். வழியில் எந்த வக்து வருகிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. ஹரமில் ஒரு ஜமாஅத்தையும் தவறவிடாதவர்கள், திரும்பும் வழியில் சுப்ஹைக் களாவாக்கிவிட்டு வீட்டுப் படியேறுகிறார்கள். அலட்சியம் என்று இதைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் இது கணக்குப் பிழையே.

மார்கழி, தை மாதங்களில் இரவு 11 மணிக்கு ஜித்தாவில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். இந்திய நேரம் அப்போது நள்ளிரவு ஒன்றரை. காலை ஏழு மணியளவில் சென்னையில் இறங்க வேண்டும். அதற்குச் சற்று முன்பே, ஏறக்குறைய ஆறரைக்கு, சன்னலுக்கு வெளியே சூரியன் எழுந்துவிடும். சவூதி நேரத்தில் நிற்கும் கைப்பேசியோ மணி நான்கு என்று காட்டும். அதிலுள்ள தொழுகை நேரச் செயலி, மக்காவின் சுப்ஹுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று நம்மை உறங்க வைக்கும்.

வக்தும் சுருங்கிவிடுகிறது. இந்த அட்சரேகைகளில் விடியல் மணிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கு நோக்கி வருகிறது. விமானம் 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிழக்கே அதன் எதிரே பாய்கிறது. தரையில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாத சுப்ஹு, மேலே ஒரு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. உயரத்தில் சூரியன் முன்னதாகவே தெரிவதால் இன்னும் சில நிமிடங்கள் குறையும். கழிவறை வரிசையில் நின்று ஒளூச் செய்து முடிப்பதற்குள் பாதி போய்விடும். (போகும்போது நிலைமை நேர்மாறு, மேற்கே பறப்பதால் வக்து நீள்கிறது.)

பயணிக்கு அல்லாஹ் தந்த சலுகைகள் பல. நான்கு ரக்அத்துகள் இரண்டாகின்றன; ஷாஃபிஈ மத்ஹபில் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். சுப்ஹுக்குச் சுருக்குவதும் இல்லை, சேர்ப்பதும் இல்லை. அதை அதன் நேரத்தில்தான் தொழ வேண்டும்.

ஆகவே, இரவு எட்டு மணியளவில் புறப்படும் விமானம் கிடைத்தால், கட்டணம் சற்றுக் கூடினாலும் அதையே எடுப்பது நல்லது என்பது நம் கருத்து. அதிகாலை நான்கு மணிக்கு இறங்கி, தரையிலேயே நிம்மதியாகத் தொழலாம். கிடைக்காதவர்கள் ஏறியவுடன் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும். இடமிருந்தால் நின்றும், இயலாதபோது இருக்கையிலேயே இருந்தும் தொழுதுகொள்ளட்டும். இறங்கியபின் மீட்டித் தொழ வேண்டுமா என்பதைப் புறப்படும் முன்பே தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம்.

குழுவை அழைத்துச் செல்லும் ஹஜ்ரத்மார்களிடம் ஒரு வேண்டுகோள். மினா, அரஃபா பற்றியெல்லாம் விரிவாக வகுப்பெடுக்கிறீர்கள். திரும்பும் இரவைப் பற்றியும் பத்து நிமிடம் பேசுங்கள். சன்னலோர இருக்கையில் விழித்திருந்து மற்றவர்களை எழுப்ப இளைஞர் ஒருவரையும் நியமித்துவிடுங்கள்.