ரிவிட்டுக்குப் பதில் ஸ்குரூ

வாடிப்பட்டிப் பக்கம் பம்புசெட் வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்குச் சட்டைப் பையில் அடங்குகிற மடக்குக் கத்தி அழகுக்கு வைத்துக்கொள்கிற பொருள் இல்லை. நாங்கள் கிணற்று மேட்டில் நிற்போம். கருவிப் பை வண்டியில் கிடக்கும். வண்டியோ நாலு வரப்பு தாண்டி ரோட்டில் நிற்கும். அந்த நேரத்தில் பையில் இருப்பதுதான் கருவி. அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அதை வைத்திருப்பவனுக்கு வேண்டும் என்பது என் கட்சி.

கடையில் கிடைக்கும் சிவப்புக் கைப்பிடி சுவிஸ் கத்தியை விரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒயின் பாட்டில் கார்க்கைத் திருகி எடுக்கிற சுருள் கம்பி ஒன்று இருக்கும். சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரைச் சேர்ந்த கார்ல் எல்ஸனர், 1897-இல் ராணுவ அதிகாரிகளுக்கென்று பதிவு செய்த கத்தியில் அதைச் சேர்த்தார். அந்த ஊர் ஆட்களுக்கு அது உதவியது. அதற்கு முன் 1891-இல் அவர் சிப்பாய்களுக்குக் கொடுத்த கத்தியில் அவர்களுடைய துப்பாக்கியைக் கழற்றுவதற்கென்றே ஒரு திருப்புளி இருந்தது. அமெரிக்காவின் டிம் லெதர்மேன் கதையும் இப்படித்தான். 1975-இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, கையிலிருந்த சாரணர் கத்தியில் பிளேயர் இல்லாமல் அவஸ்தைப்பட்டார். ஊர் திரும்பிப் பட்டறையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, 1980-இல் காப்புரிமை வாங்கி, பிளேயரோடு சேர்ந்த தன் கருவியை 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவரவர் அவரவர் வேலைக்குப் பொருத்திக்கொண்டார்கள். நமக்கு மட்டும் ஏன் அடுத்தவர் வேலைக்குச் செய்த கத்தி?

வேலைக்கேற்பக் கருவியைப் பொருத்திக்கொள்கிற வழக்கம் நம்மிடமும் இருந்தது. அரைஞாண் கயிற்றில் ஒரு வளையம். அதில் முள்வாங்கி, காதுக் குரும்பி எடுக்கிற குட்டிக் கரண்டி, பல்குத்தி. வேண்டாததை வளையத்திலிருந்து உருவிவிடலாம், வேண்டியதைக் கோத்துக்கொள்ளலாம். சீமைக்கருவேலங்காட்டில் ஆடு மேய்ப்பவர் முள்வாங்கியைத்தான் முதலில் கேட்பார். சுவிஸ் கத்தியிலும் ஒரு முள்வாங்கி செருகியிருக்கிறது. ஆனால் அந்த மெல்லிய தகடு, குதிகாலில் ஆழமாக ஏறி ஒடிந்த கருவேல முள்ளுக்கு ஈடுகொடுக்காது.

என் பக்கத்து வேலைக்கு என்ன வேண்டும்? சொட்டுநீர் போட்ட தோப்புகளில் 16 மி.மீ. குழாயில் துளை போடக் கூர்மையான, தடித்த ஒரு ஊசி. கொப்பரையோ நெல்லோ கட்டிய சாக்கு வாய் பிரிந்தால் தைக்கக் கோணி ஊசி. வாழை இலை அறுக்க உள்பக்கம் வளைந்த சின்ன அலகு. ஸ்டார்ட்டர் பெட்டி மூடியைத் திறக்க அகலமான திருப்புளி. டெஸ்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். முழுக்க இரும்பான இந்தக் கருவியை எடுத்துக்கொண்டு மும்முனை மின்சாரத்தின் கிட்டே யாரும் போகக் கூடாது. கரண்டு வேலைக்குத் தனியாகக் காப்பு உறை போட்ட கருவிதான். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவரைக் கேட்டால் அவர் பட்டியல் வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும்.

இப்படி வேண்டியதை மாற்றிக்கொள்ளத் தடையாக இருப்பது ரிவிட். சுவிஸ் கத்தியில் அலகுகளையும் அவற்றை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் தகடுகளையும் வரிசையாக அடுக்கி, பித்தளை ரிவிட் அடித்து இறுக்கிவிடுகிறார்கள். ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் ரிவிட் தலையை அரத்தால் தேய்த்து எடுத்து மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். ஸ்பிரிங்கின் அழுத்தம் கொஞ்சம் பிசகினாலும் அலகு விரல் மேல் மடங்கும். லெதர்மேன் கருவிகள் பலவற்றில் ரிவிட்டின் இடத்தில் நட்சத்திரத் தலை ஸ்குரூ இருக்கிறது. அதற்குரிய திருப்புளி கிடைத்தால் கழற்றிவிடலாம். விலைதான் பல ஆயிரம்.

நம் கொல்லர்களால் இப்படிக் கழற்றி மாட்டுகிற கத்தியைச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள், லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிக்கிற உலையருகே ஒரு பகல் நின்று பார்க்க வேண்டும். சுவிஸ் கம்பெனி கத்தி அலகுக்கு ராக்வெல் அளவில் 56, ரம்பத்துக்கு 53, ஸ்பிரிங்குக்கு 49 என்று கடினத்தைப் பிரித்து வைக்கிறது. அதே கணக்கை நம் கொல்லர் இரும்பின் நிறம் பார்த்தும், தண்ணீரில் தோய்க்கிற பதத்திலும் பிடிக்கிறார். அரிவாளின் வாய் கடினமாக இருக்கும், முதுகு அடி தாங்கும். இடது கைப் பழக்கமுள்ளவருக்குக் கருக்கரிவாளின் பல்லை மாற்றி வெட்டித் தருவதும் அவரே. தொழிற்சாலைக் கத்தியில் நகம் வைத்து இழுக்கிற பள்ளம் பெரும்பாலும் வலது கைக்காரருக்கென்றே அமைந்திருக்கிறது.

நான்கு வழிச்சாலையில் வடக்கே போனால் திண்டுக்கல். அந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேராதபடி லீவர்களை அரத்தால் தேய்த்துக் கையாலேயே பொருத்துகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். சின்ன ஸ்பிரிங்கும் தகடும் அவர்களுக்குத் தினசரி வேலை. பூட்டுக்கான ஆர்டர்தான் குறைந்துகொண்டே வருகிறது; அந்தக் கைகள் கத்திக்கும் திரும்பலாம். தொழிற்பயிற்சி நிலையங்கள் கத்தியின் வெளிச் சட்டகத்தின் அளவையும் ஸ்குரூ துளையின் அளவையும் ஒரே தரமாக வரைந்து கொடுக்கட்டும். அதற்குள் மாட்டுகிற அலகுகளை எந்த ஊர்ப் பட்டறையும் அடித்து விற்கலாம்.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகியவற்றை முதலில் எடுத்துக்கொண்டார்கள். கைக்கருவிகளையும் அதில் சேர்க்க வேண்டும். விற்கிற கருவியை உரியவர் கழற்ற முடிய வேண்டும், ஒடிந்த அலகும் ஸ்பிரிங்கும் தனியாகக் கடையில் கிடைக்க வேண்டும், கழற்றியதற்காக உத்தரவாதம் போகக் கூடாது. எது முதலில் வர வேண்டும் என்று என்னைக் கேட்டால், துளையூசியும் கோணி ஊசியும் சேர்ந்த தோப்புக்காரர் கத்தி என்பேன். அதோடு கூடவே இடது கைக்காரர்களுக்கும் ஒன்று.